மலைப்பக்க முட்டி

எங்கள் ஊரில் யாரிடமாவது வழி கேட்டுப் பாருங்கள். இடது, வலது என்று ஒருவரும் சொல்ல மாட்டார்கள். "நேரா போங்க, மலைப்பக்கம் திரும்புங்க, ரெண்டாவது வூடு" என்பார்கள். பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடித்தாலும் மலைப்பக்க சீட்டு. பல் டாக்டரிடம் போனாலும் மலைப்பக்கத்துக் கடவாய்ப்பல். அவ்வளவு பெரிய மலை கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும்போது வேறு அடையாளம் எதற்கு? வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். இந்தப் பழக்கம் என்னுடைய நல்ல முட்டியில் இரண்டு ஓட்டை போட்டு, என்னை இரண்டு வருடம் நுகர்வோர் ஆணையத்தின் படியேற வைத்தது என்பது வேறு விஷயம்.

வெட்கக்கேடு என்னவென்றால், நான் அரசுப் பெண்கள் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். முப்பத்தோரு வருடம் கழுத்தில் விசிலோடு மைதானத்தில் நின்று "லெஃப்ட், ரைட், லெஃப்ட்" என்று தொண்டை கிழியக் கத்தியவள். கால் மாற்றிப் போடுகிற பிள்ளைகளை வெயிலில் தனியாக நடக்க விட்டவள். பள்ளிக்கூடத்துக்குள் லெஃப்ட் ரைட், கேட்டைத் தாண்டினால் மலைப்பக்கம். அப்படி இரண்டு கணக்கு வைத்திருக்கிறோமே என்று நான் ஒரு நாளும் யோசித்ததில்லை.

ஓய்வு பெறும் வருடத்து விளையாட்டு விழாவில், நீளம் தாண்ட வந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி கோட்டுக்கு முன்னால் வந்து வந்து நின்றுவிட்டாள். "பாருடி, இப்படித்தான்" என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடிப்போய் நானே தாண்டிக் காட்டினேன். நல்ல தாண்டல்தான், இன்றைக்கும் சொல்வேன். மணலில் இறங்கும்போது வலது முட்டிக்குள் சடக்கென்று ஒரு சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். எழுந்து நின்று நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஸ்டாஃப் ரூம் வரை நடந்துபோய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

ஸ்கேன் எடுத்தார்கள். வலது முட்டியில் ஜவ்வு கிழிந்திருந்தது. டவுனில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். டாக்டர் சிரித்த முகம், நல்ல கைராசிக்காரர் என்றும் பெயர். "சின்னதா ரெண்டு ஓட்டை போட்டு கேமரா விட்டு சரி பண்ணிடலாம் டீச்சர். மூணே மாசம், மறுபடி மலை சுத்தலாம்" என்றார். பௌர்ணமி தவறாமல் என் கணவரோடு மலை சுற்றுகிறவள் நான். அந்த ஒரு வார்த்தைக்கே மயங்கித் தலையாட்டிவிட்டேன்.

ஆபரேஷன் அன்று காலை இரண்டாவது மாடியில் அறை. ஜன்னல் முழுக்க மலை. என் கணவர் ஃபிளாஸ்கும் பையுமாக மூலையில் உட்கார்ந்திருந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர். பேச்சு கம்மி, கவனம் ஜாஸ்தி. கட்டிலில் படுத்திருந்த என்னிடம் ஒரு நர்ஸ் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். கீழ்பென்னாத்தூரிலிருந்து தினமும் முதல் பஸ்ஸில் வருகிறவர், இருபது வருட அனுபவம். வந்ததும் வராததுமாக என் நாடியைப் பிடித்துக்கொண்டே, "டீச்சர்னு சொன்னாங்க, பயப்படுவீங்களா என்ன?" என்று சிரித்தார். எனக்கு அப்போதே பிடித்துப்போயிற்று.

"எந்த முட்டிம்மா?"

"மலைப்பக்க முட்டி" என்றேன்.

அவரும் இந்தப் பக்கத்துக்காரர்தானே. ஏன், எது என்று கேட்கவில்லை. சட்டைப்பைக்குள்ளிருந்த சின்ன நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டார். "ஃபாரத்துல அப்புறம் ஏத்திக்கறேன்மா, பக்கத்து ரூம்ல ட்ரிப்ஸ் முடியப்போகுது" என்று வெற்றுத் தாளை நீட்டினார். நானும் படிக்காமல், காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டேன். பிள்ளைகளிடம் எதையும் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று சொன்ன அதே வாய்.

அவர் போன பிறகுதான் ஒன்று கண்ணில் பட்டது. "ஏங்க, தலகாணி வடக்கால இருக்குது பாருங்க! ஆபரேஷன் அன்னிக்கா வடக்கே தல வெச்சுப் படுக்கறது?" என்று பதறினேன். என் கணவர் எழுந்து தலையணையைத் தெற்குப் பக்கம் மாற்றிப் போட்டார். நானும் திரும்பிப் படுத்தேன். மனசு நிம்மதியாயிற்று. படபடப்புக்கென்று கொடுத்த மாத்திரையைப் போட்டுக்கொண்டு நன்றாகத் தூங்கிப்போனேன். அவர் டீ குடிக்கக் கீழே போனார். நடுவில் யாரோ காலில் மருந்து தடவியது கனவு மாதிரி நினைவிருக்கிறது.

முதுகில் ஊசி போட்டால் இடுப்புக்குக் கீழே கட்டைதான். நெஞ்சுக்கு முன்னால் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டிவிட்டார்கள். அந்தப் பக்கம் டாக்டர் யாரிடமோ மகளின் பள்ளிக்கூடச் சேர்க்கை பற்றிப் பேசிக்கொண்டே வேலை செய்தார். முடிந்ததும் "சூப்பர் டீச்சர்" என்றார். சக்கரக் கட்டிலில் தள்ளிக்கொண்டு வந்து அறையில் விட்டார்கள்.

என் கணவர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கட்டைப் பார்த்தார். குனிந்து பார்த்தார். சுற்றி வந்து மறுபக்கம் நின்று பார்த்தார். மின்கம்பத்தில் கோளாறு தேடுவது போலவே இருந்தது.

"ஏம்மா, உனக்கு வலிக்கறது சோத்தாங்கைப் பக்கத்துக் கால்தானே?"

"ஆமா."

"கட்டு பீச்சாங்கைப் பக்கம் போட்டிருக்காங்களே."

அதற்குப் பிறகு நான் போட்ட சத்தத்தில் கீழே மருந்து வாங்க வந்தவர்கள் நெருப்பு பிடித்துவிட்டதென்று வெளியே ஓடினார்களாம். மைதானத்தின் அந்தக் கோடி வரை கேட்கும் குரல் அது, பின்னே? டாக்டர் வந்தார். ஒரு நிமிடம் அவருக்கும் முகம் வெளுத்தது. அப்புறம் எங்கிருந்தோ அந்தச் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "அந்த முட்டியிலயும் லேசா தேய்மானம் இருந்துச்சு டீச்சர், க்ளீன் பண்ணி விட்டிருக்கோம். நல்லதுதான். இன்னொன்னை அடுத்த மாசம் பாத்துக்கலாம்" என்றார்.

"ஏன் சார், பல்லைப் புடுங்கப் போனவனுக்குக் காது குத்தி அனுப்புவீங்களா?" என்று கேட்டேன். என் கணவர் மெல்லச் சொன்னார். "நாங்க கம்பம் ஏறறதுக்கு முன்ன லைன் ஆஃப் ஆயிடுச்சான்னு மூணு தடவ டெஸ்ட் பண்ணுவோம் சார். ஒரு தடவ தப்பினா ஆள் இல்ல." கோபப்பட்டுப் பேசியிருந்தால்கூட டாக்டருக்கு அவ்வளவு உறைத்திருக்காது.

போகும்போது ஒரு கால் நொண்டி, திரும்பும்போது இரண்டு காலும் நொண்டி. வீட்டுக்கு வந்து பார்த்தவர்களெல்லாம் எந்தக் காலைப் பார்த்து உச்சுக் கொட்டுவதென்று தெரியாமல் விழித்தார்கள். எனக்கே ஒரு கட்டத்தில் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சும்மா விடுவேனா?

என்னிடம் படித்த பெண் ஒருத்தி வக்கீலாக இருக்கிறாள். பள்ளியில் காலை பிரேயருக்குத் தினமும் நேரம் கழித்து வந்து, என் கையால் தினமும் மைதானத்தைச் சுற்றி ஓடியவள். கதையைக் கேட்டதும் மேசையைத் தட்டி, "மிஸ், இது லட்டு மாதிரி கேஸ் மிஸ்" என்றாள். பிறகு என் கட்டுப் போட்ட காலைப் பார்த்து, "சாரி மிஸ்" என்றாள்.

நோட்டீஸ் போயிற்று. பதிலும் வந்தது. அதை அவள் படிக்கப் படிக்க எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டாக்டர் மேல் தவறில்லையாம். தயார் செய்து அனுப்பிய காலில்தான் அவர் ஆபரேஷன் செய்தாராம். தப்பான காலில் மருந்து தடவி, ஃபாரத்தில் தப்பாக எழுதியது அந்த நர்ஸ்தானாம். அவரை வேலையை விட்டு நீக்கியாயிற்றாம். ஆக, கணக்கு முடிந்ததாம்.

அதற்குள் எனக்கு வலது முட்டிக்கு வேறொரு ஆபரேஷன் ஆகியிருந்தது, அரசு ஆஸ்பத்திரியில். அங்கே வாட்ச்மேன் முதல் டாக்டர் வரை ஒவ்வொருவரிடமும் நானே போய், "வலது, சோத்தாங்கைப் பக்கம், இதோ இது" என்று தட்டித் தட்டிக் காட்டினேன். கடைசியில் அந்த டாக்டர் என் கையில் ஒரு பேனாவைக் கொடுத்து, "நீங்களே போட்டுடுங்கம்மா, எங்களுக்கும் நிம்மதி" என்றார். தொடை வரை நீளமாக ஒரு அம்புக்குறி போட்டேன். நான்காம் மாதம் நடந்தேன். ஆனந்தமாக நடந்தேன்.

நடக்கத் தொடங்கியதும் முதலில் போனது அந்த நர்ஸைத் தேடித்தான். அவரை நல்லபடியாக நாலு கேள்வி கேட்டு, நம் பக்கம் சாட்சிக்கு இழுத்துவிடலாம் என்று வக்கீல் பெண்ணுக்கு ஆசை. விசாரித்ததில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மருந்துக் கடையில் இருப்பதாகச் சொன்னார்கள். போனேன். உள்ளே அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே நின்று மாத்திரை அட்டைகளைப் பிரித்து அடுக்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வேலையை அப்படியே போட்டுவிட்டு வெளியே வந்து, முதலில் என் முட்டியைத்தான் பார்த்தார். "நல்லா நடக்கறீங்களாம்மா? மாடி ஏற முடியுதா?" என்று கேட்டார். நாலு கேள்வி கேட்கப் போனவள், அந்த ஒரு கேள்விக்கு முட்டியை மடக்கி நீட்டிக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வேறு எந்த ஆஸ்பத்திரியிலும் அவரைச் சேர்க்கவில்லை. கால் மாத்தி அனுப்பின நர்ஸ் என்று பேர் பரவிவிட்டது. அதைவிட ஒன்று சொன்னார்.

"வூட்டுல இன்னும் சொல்லலம்மா. தெனமும் அதே மொதல் பஸ்ஸுதான். வெள்ள கோட்டை பையில வெச்சிக்கினு கெளம்பறேன். பொண்ணுக்குக் கல்யாணப் பேச்சு நடக்குது. ஆஸ்பத்திரியில வெரட்டிட்டாங்கன்னு தெரிஞ்சா என்னா பேசுவாங்க? சாட்சி கீட்சின்னு என்னக் கூப்புடாதீங்கம்மா."

நான் தலையாட்டினேன். அவர் மெதுவாகத் தொடர்ந்தார்.

"நீங்க மலைப்பக்கம்னு சொன்னீங்க. நான் அப்பிடியேதான் எழுதினேன். மருந்து தடவறப்பவும் ஜன்னலப் பாத்து, மலைப்பக்கத்துக் கால்லதான் தடவினேன். எடது காலு. ஃபாரத்துலயும் எடதுன்னு போட்டேன். எங்க தப்பினேன்னு இன்னி வரைக்கும் புரியலம்மா. இருபது வருஷத்துல ஒரு ஊசி மாத்திப் போட்டதில்ல. எனக்கே என் மேல நம்பிக்க போயிடுச்சு. இப்பல்லாம் மாத்திர அட்டையக்கூட மூணு தடவ படிச்சிட்டுத்தான் குடுக்கறேன்."

அந்த இடத்தில், பஸ் ஹாரன் சத்தத்துக்கு நடுவே, எனக்குத் தலையணை ஞாபகம் வந்தது. அவர் கேட்டபோது நான் வடக்கே தலை வைத்துப் படுத்திருந்தேன். அப்போது மலை என் வலது கைப்பக்கம். அவர் போனதும் தலையணையை மாற்றித் தெற்கே தலை வைத்தேன். மலை அசையவில்லை, நான்தான் திரும்பினேன். மருந்து தடவ அவர் வந்தபோது மலைப்பக்கம் இருந்தது என் இடது கால். அந்தம்மா எங்கேயும் தப்பவில்லை.

சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? சொல்லவில்லை. கேஸ் போய்விடுமே என்று பயந்தேன். தலைவலி மாத்திரை ஒரு அட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு கோழைத்தனமாக நான் எதையும் செய்ததில்லை. வழி முழுக்க என்னை நானே திட்டிக்கொண்டு வந்தேன்.

வீட்டில் என் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு யோசித்தார். "தலகாணிய மாத்திப் போட்டது நானு. என்னையும் சேத்துக்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன செய்ய வேண்டும் என்பது அதிலேயே இருந்தது.

வக்கீல் பெண் தலையில் கை வைத்துக்கொண்டாள். "மிஸ், உங்க கால்ல வேணா விழறேன். தலகாணி பத்தி வாயே தொறக்காதீங்க. அவங்களுக்கு அதுவே போதும்."

"எந்தக் கால்ல விழுவே?" என்று கேட்டேன். கோபத்திலும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

இந்த மாதிரி வழக்குகளில் பெரும்பாலும் எல்லாம் காகிதத்திலேயே நடந்துவிடும். ஆனால் எதிர்த்தரப்பு வக்கீல் என்னைக் குறுக்கு விசாரணை செய்தே தீருவேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டார். நல்லதாயிற்று. விசாரணைக்கு முதல் நாள் மருந்துக் கடைக்குப் போய், "நாளைக்கு ஒரு நாள் லீவு போட்டுட்டு வாங்க. நீங்க பேச வேணாம். பின்னாடி உக்காந்து கேட்டா போதும்" என்று நர்ஸிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார். நான் சொல்லவில்லை. வந்தார். கடைசி பெஞ்சில் முந்தானையால் முகத்தைப் பாதி மூடிக்கொண்டு உட்கார்ந்தார்.

ஆணையத்தின் தலைவர் தென் மாவட்டத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். கண்டிப்பான முகம். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். இந்த ஊர்க்காரர்தான்.

"நீங்க எத்தனை வருஷம் டிரில் எடுத்தீங்க?"

"முப்பத்தோரு வருஷம்."

"முப்பத்தோரு வருஷம் லெஃப்ட் ரைட் சொல்லிக்குடுத்த டீச்சர், நர்ஸ் கேட்டப்போ எந்தக் கால்னு சொன்னீங்க?"

வக்கீல் பெண் என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். நான் கடைசி பெஞ்சைப் பார்த்தேன்.

"மலைப்பக்க முட்டின்னு சொன்னேன்" என்றேன். பிறகு நிறுத்தவில்லை. வடக்கே இருந்த தலையணை, என் பதற்றம், என் கணவர் மாற்றிப் போட்டது, நான் திரும்பிப் படுத்துத் தூங்கியது, எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னேன். "அந்தம்மா எழுதினதும் சரி, தடவின பக்கமும் சரி. நடுவுல திரும்பிப் படுத்தது நானு. அவங்க மேல ஒரு தப்பும் இல்லைங்கய்யா."

வக்கீல் பெண் பேனாவை மூடி வைத்துவிட்டாள். எதிர்த்தரப்பு வக்கீலுக்கு முகமெல்லாம் பல். "ஆக, தவறு மனுதாரருடையதே என்று அவரே ஒப்புக்கொள்கிறார்" என்று தலைவர் பக்கம் திரும்பினார்.

தலைவர் குழம்பிப் போயிருந்தார். "இருங்க, இருங்க. மலைப்பக்கம்னா எது?" என்று பொதுவாகக் கேட்டார்.

அந்த அறையில் இருந்த அத்தனை பேருடைய கையும் தானாக நீண்டது. என் கை, வக்கீல் பெண்ணின் கை, வாசலில் நின்ற டவாலி, கோப்பு கட்டிக்கொண்டிருந்த எழுத்தர், வேறு கேஸுக்குக் காத்திருந்தவர்கள், கடைசி பெஞ்சு நர்ஸ், எல்லாம் ஒரே திசையில். எதிர்த்தரப்பு வக்கீலின் கையும் சேர்ந்து நீண்டிருந்தது. ஜன்னலே இல்லாத சுவரைக் காட்டிக்கொண்டிருந்தோம். தலைவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். அந்தக் கண்டிப்பான முகம் அப்படியே உடைந்து, சிரித்துவிட்டார்.

சிரிப்பு அடங்கியதும் எதிர்த்தரப்பைப் பார்த்துக் கேட்டார்.

"டாக்டர்கிட்ட ஸ்கேன் ரிப்போர்ட் இருந்ததா?"

"இருந்தது."

"அதுல எந்த முட்டின்னு போட்டிருக்கு?"

"வலது."

"ஆபரேஷன் தியேட்டர்ல ஜன்னல் உண்டா?"

"இல்லை."

"அப்ப அங்க மலையும் கிடையாது, தலையணையும் கிடையாது. ரிப்போர்ட் மட்டுந்தான் இருக்கு." டாக்டர் அன்று வந்திருந்தார். தலைவர் அவரையே கேட்டார். "கத்தி வைக்கிறதுக்கு முன்னாடி ரிப்போர்ட்டைப் பார்த்தீங்களா? முழிச்சுட்டுதானே இருந்தாங்க, அவங்கள ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

டாக்டர் எழுந்து நின்றார். அவருடைய வக்கீல் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் டாக்டர், "இல்ல சார். கேட்டிருக்கணும்" என்றார். அந்த மூன்று வார்த்தைக்காக நான் ஒன்றரை வருடம் அலைந்திருந்தேன். அன்றைக்கு அவர் மேல் இருந்த கோபத்தில் பாதி போய்விட்டது. மீதிப் பாதியை வைத்துக்கொண்டேன், உண்மையைச் சொல்வதானால்.

திரும்பிப் பார்த்தேன். கடைசி பெஞ்சில் நர்ஸ் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தார். அழுகிறாரோ என்று பதறிப் போனேன். கிட்டே போனால் சிரிப்பு. "தலகாணியாம்மா? அடப்பாவமே, தலகாணியா? நான் எனக்குத்தான் மூள கலங்கிடுச்சின்னு இருந்தேனே!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு நின்றதும்தான் கண் துடைத்தார். அன்றைக்கே கடையில் சொல்லாமல் ஒளித்ததற்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "வுடுங்கம்மா, அதான் எல்லார் முன்னாடியும் சொல்லிட்டீங்களே" என்றார்.

ஆறு மாதம் கழித்து உத்தரவு வந்தது. அன்றும் நர்ஸ் வந்திருந்தார். ஆஸ்பத்திரியும் டாக்டரும் கவனக்குறைவாக இருந்தார்கள், நஷ்டஈடு தர வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். படுக்கையில் எந்தப் பக்கம் தலை வைப்பது என்பது நோயாளியின் விருப்பம், அதைக் குற்றம் சொல்ல முடியாது என்றும் ஒரு வரி. என் கணவர் அந்த வரிக்குக் கீழே பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறார். ஆனால் நர்ஸ் கேட்டது வேறு வரியை. வாசலுக்கு வெளியே வேப்ப மரத்து நிழலில் வக்கீல் பெண் படித்துக் காட்டினாள்.

"செவிலியர் தம் கடமையிலிருந்து தவறியதாக இந்த ஆணையம் கருதவில்லை. அவர் மீது பழியைச் சுமத்தித் தப்பிக்கும் வாதத்தை ஏற்க இயலாது."

"இன்னொரு தடவ படிம்மா."

படித்தாள்.

"இன்னும் ஒரே தடவ."

மூன்றாவது முறை படித்து முடித்ததும் அவர் போனை எடுத்தார். எண்ணை இரண்டு முறை தப்பாக அழுத்தினார். ஒருவழியாக அவர் கணவர் எடுத்தார். நிலத்தில் இருந்தார் போலிருக்கிறது, மோட்டார் சத்தம் கேட்டது. காது சரியாகக் கேட்கவில்லை என்று நர்ஸ் ஸ்பீக்கரைப் போட்டார்.

"ஏங்க, ஒண்ணு சொல்லணும். திட்டாதீங்க. ரெண்டு வருஷமா நான் ஆஸ்பத்திரி வேலையில இல்ல. என் மேல தப்புன்னு வெரட்டிட்டாங்க. இன்னிக்குத் தப்பில்லன்னு எழுதிக் குடுத்துட்டாங்க."

அந்தப் பக்கம் மோட்டார் நின்றது.

"வேலையில இல்லன்னு எனக்குத் தெரியும்" என்றார் அவர். "எரு வாங்க டவுனுக்கு வந்தப்ப மருந்துக் கடையில நீ நிக்கறதப் பாத்தேன். ஆஸ்பத்திரியில கேட்டப்ப டீச்சர் கால் சமாச்சாரத்தச் சொன்னாங்க. நீயா சொல்றப்ப சொல்லட்டும்னு இருந்தேன்."

எனக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிடுங்கினேன். "ஏங்க, நல்ல ஆளுங்க நீங்க! தெரிஞ்சிக்கினே ரெண்டு வருஷம் வாயத் தொறக்காம இருந்தீங்களா? இங்க இவங்க பொண்ணு கல்யாணம் நின்னுடுமோன்னு செத்துச் செத்துப் பொழைச்சாங்க!"

"யாரு, டீச்சரா?" என்றார் அவர். "மாப்பிள்ள வூட்டுல அப்பவே நான் சொல்லிட்டேங்க. வெரட்டிட்டாங்க, ஆனா அவ கை தப்பு பண்ணாதுன்னேன். சரின்னுட்டாங்க."

போனைத் திருப்பிக் கொடுத்தேன். நர்ஸ் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அவர் கணவர் அந்தப் பக்கம் வைக்காமல் காத்திருந்தார். கடைசியில் நர்ஸ் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சோத்துக்கு ஒல வெச்சிடுங்க, அடுத்த பஸ்ஸுல வந்துடறேன்" என்றார்.